நாலுமணியார் மகள்

1

போன கிழமை மின்சாரக் கந்தோரிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுத் துவாரத்தால் ஒரு கடதாசி வந்து விழுந்தது. இந்தக் குளிர்காலத்தில் மின்சாரம் போதாது, பகுதி பகுதியாக நிறுத்தப் போகிறோம், ஒவ்வொரு வீடும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, கம்பளி, குடிதண்ணீர், தகரத்தில் அடைத்த சாப்பாடு. வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருந்தால் அயலவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கவும். எங்கள் தெருவுக்கு வியாழக்கிழமை, பன்னிரண்டு தொடக்கம் மூன்று வரை.

மூன்று தரம் வாசித்தேன். பன்னிரண்டு என்றால் பகலா, இரவா என்று அதில் இல்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் அந்தக் கந்தோருக்குப் போய் முக்கால் மணித்தியாலம் வரிசையில் நின்றேன். லண்டன் மாநகரத்தில் வரிசையில் நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். எனக்கு அது பதினொரு வருடமாக இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞனிடம் கடதாசியை நீட்டினேன். அவன் கடதாசியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"அம்மணி, இது எல்லாருக்கும் விளங்குமே" என்றான்.

"எனக்கு விளங்கவில்லை. எழுதித் தாருங்கள்."

எனக்குப் பின்னால் நின்றவர் பெரிதாக மூச்சு விட்டார். இளைஞன் பென்சிலால் "பகல்" என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடும் இழுத்துத் தந்தான். அரிச்சுவடிப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதைப் போல.

வீட்டில் நான் செய்த ஆயத்தத்தை என் மகள் எண்ணிப் பார்த்தாள். மெழுகுதிரி நாற்பது. ஜாம் தகரத்துக்குள் நெருப்புப்பெட்டி பன்னிரண்டு. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று, போதாததற்கு இரவல் வாங்கிய இன்னொன்று. குளியல் தொட்டி நிறையத் தண்ணீர். அவளுக்குப் பத்து வயது. மாலதி என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் மோலி ஆகிவிட்டாள்.

"சூசனின் அம்மா இரண்டு மெழுகுதிரிதான் வாங்கியிருக்கிறா. நீங்கள் கடை வைக்கப் போறீங்களா?" என்று இங்கிலீசில் கேட்டாள். சிரிக்கவில்லை. சினேகிதிகள் வந்து பார்த்துவிடுவார்கள் என்ற பயம் முகத்தில் இருந்தது.

மூன்று மணித்தியாலம் வெளிச்சம் இல்லாமல் போவதற்கு ஒரு பெண் ஏன் இப்படிப் பைத்தியம் பிடித்தவள் போல ஆகிறாள் என்று என் கணவரும் கேட்டார். அவர் தபால் கந்தோரில் கடிதம் பிரிப்பவர், நிதானமான மனிதர். காரணத்தை அவருக்கும் நான் இதுவரை சொன்னதில்லை. இந்தக் குறிப்பை எழுதி முடித்ததும் முதலில் அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன். அப்பா செத்து ஒரு வருடம் ஆகிறது. திவசமும் இந்தக் கடதாசியும் ஒரே கிழமையில் வந்தன.

2

எங்கள் குளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இரணைமடுவைப் போல ஊரறிந்த குளமில்லை. மாங்குளத்தில் ரயிலால் இறங்கி, மாட்டு வண்டியில் அரை நாள் போகவேண்டிய காட்டுக்குளம். யாழ்ப்பாணத்தில் பிறர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அரசாங்கம் அந்தக் குளத்தின் கீழே மூன்று ஏக்கர் வயலும் வீடு கட்ட ஒரு துண்டு நிலமும் கொடுத்தது. எனக்கு அப்போது ஏழு வயது.

வாய்க்கால் ஓரமாகப் பதினான்கு வீடுகள். எல்லாம் பள்ளத்தில். மேட்டில் இருந்த ஒரே கட்டடம் பள்ளிக்கூடம். ஏன் மனிதரைப் பள்ளத்திலும் பள்ளிக்கூட வாங்கு மேசையை மேட்டிலும் வைத்தார்கள் என்று கேட்டால், குடியேற்றத்துக்குப் படம் கீறியவர் அந்த இடத்துக்கு ஒரு நாளும் வரவில்லை என்பதுதான் பதில்.

அப்பா குடியேற்றச் சங்கத்தின் தலைவர். ஐப்பசி பிறந்ததும் வீடு வீடாகப் போவார். ஒவ்வொரு வீட்டிலும் பாலைமரக் கப்பு நட்டுப் பரண் கட்டுவித்தவர் அவர்தான். பரணில் விதைநெல் மூட்டை, வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், இரண்டு அரிக்கன் லாம்பு, மண்ணெண்ணெய்ப் போத்தல், நீளக் கயிறு, கோடாலி. நெருப்புப்பெட்டியை பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றுவார்.

"கோடாலி என்னத்துக்கு அண்ணை மேலை?" என்று ஒருமுறை பார்வதியக்கா கேட்டா. வாய்க்கால் முடிகிற இடத்துக் கடைசி வீடு அவவுடையது.

"தண்ணி பரணுக்கு ஏறினால் கூரையை வெட்டிக்கொண்டு வெளியாலை வரவேணும், பிள்ளை."

"உங்களுக்கு எப்பவும் இந்த வெள்ளக் கதைதான்" என்று சொல்லிச் சிரித்தா. ஆனால் கோடாலியை மேலே வைத்தா.

அப்பா ஐந்தாம் வகுப்பு. இங்கிலீசில் தன் பெயரை எழுதுவார், கடைப் பலகை வாசிப்பார். அரசாங்கம் எங்களுக்கு அனுப்பிய கடதாசியெல்லாம் இங்கிலீசில் வந்தது. வரம்பில் நிற்கிற மனிதனுக்கு வந்த கடதாசி, அவனுக்கு விளங்காத பாஷையில். வெள்ளைக்காரன் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது; அவனுடைய தட்டச்சு மெஷின் போகவில்லை. வழமையாகப் பள்ளிக்கூட வாத்தியார்தான் வாசித்துச் சொல்வார். நான் கிளிநொச்சியில் மாமி வீட்டில் நின்று இங்கிலீசு படிக்கத் தொடங்கிய பிறகு, விடுமுறையில் வரும்போது என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது எனக்குப் பெரிய பெருமை. அந்தப் பெருமையைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு முழுவதும்.

3

எனக்குப் பதினைந்து வயதான மார்கழி. ஏழு நாள் விடாத மழை. வாத்தியார் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போயிருந்தார். ஒரு மத்தியானம், தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு ஒரு வேலையாள் சைக்கிளைத் தள்ளியபடி வந்து கடதாசியைக் கொடுத்தான்.

"கந்தோரிலையிருந்து தந்தவை. வான்கதவு சங்கதி. மிச்சம் எனக்குத் தெரியாது. இன்னும் ரண்டு குடியேற்றத்துக்குப் போகவேணும்" என்று சொல்லிவிட்டு அவன் நிற்காமல் போனான்.

குளம் நிறைந்தால் மேலதிகத் தண்ணீரை விடுகிற கதவுதான் வான்கதவு. அதைத் திறந்தால் வாய்க்கால் ஓரம் ஆறாகும். இது அப்பாவுக்குத் தெரியும். எப்போது திறப்பார்கள் என்பதுதான் தெரிய வேண்டியது.

"பிள்ளை, வாசி" என்றார் அப்பா. குசினியில் அம்மா அடுப்படியில் இருந்தா. வேறு யாரும் இல்லை.

நாலு வரிதான். மறுநாள் "போர்நூன்" வான்கதவுகள் திறக்கப்படும், தாழ்ந்த பகுதியில் இருப்போர் கால்நடைகளோடு அதற்கு முன் மேட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கண்டதில்லை. "நூன்" என்றால் மத்தியானம், அது தெரியும். "போர்" என்று வாயால் சொன்னால் நாலு. நாலுக்கு எழுத்து வேறு என்பதும் எனக்குத் தெரியும். தட்டச்சு அடித்தவர் எழுத்துப்பிழை விட்டுவிட்டார் என்று முடிவு செய்தேன். பிழை கந்தோரில் இருக்கும் என்று நினைத்தேனே தவிர, என்னிடம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குத் திறக்கினமாம் அப்பா."

"நாலு மணியெண்டே கிடக்கு?"

"ஓம்."

"காலமையே மேட்டுக்குப் போனால் என்ன?" என்று அம்மா கேட்டா.

"மணி தெளிவாப் போட்டிருக்கேக்கை ஏன் அந்தரப்படுவான்? மத்தியானத்துக்கிடையிலை நெல்லை மேலை ஏத்தினால் வருசச் சாப்பாடு மிஞ்சும்" என்றார் அப்பா. அந்த மழையிலேயே பதினான்கு வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கோ, நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் என்று.

மழை நாட்களில் விடிந்ததும் குளக்கட்டில் ஏறித் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவது அவர் வழக்கம். மறுநாள் போகவில்லை. மணி தெரிந்த பிறகு எதற்குப் போவது? மூட்டை தூக்கத் தொடங்கினார்.

அம்மாவும் நானும் ஆடுகளையும், காணிப் பெர்மிட் இருந்த தகரப்பெட்டியையும் கொண்டு மேட்டுக்குப் புறப்பட்டோம். பார்வதியக்கா வேலியடியில் நின்றா. புருசன் செல்லத்துரை அண்ணை காய்ச்சல்கார மூத்த பெடியனை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார். மூன்று வயது மகள் ராசாத்தி அவவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தங்கச்சி, நாலு மணிதானே? வடிவா வாசிச்சனியோ?"

"ஓமக்கா, வடிவா வாசிச்சனான்."

"மாடு இண்டைக்கோ நாளைக்கோ கண்டு போடும் போலை கிடக்கு. மத்தியானத்துக்குப் பிறகு மெல்ல நடத்திக்கொண்டு வாறன்."

நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். காலை பத்து மணியளவு. முதலில் சத்தம்தான் வந்தது. ரயில் வருகிறது என்று நினைத்தேன். எங்கள் ஊருக்கு ரயில் இல்லை.

பிறகு பார்த்தால் வாய்க்கால் இல்லை, வயல் இல்லை. மண்நிறத் தண்ணீருக்கு மேலே பதினான்கு கூரை. அப்பா சொல்லிக் கட்டுவித்த பரண்களில் சனம் ஏறிக்கொண்டது. அந்தக் கோடாலிகளால் ஓலையை வெட்டிக்கொண்டு ஒவ்வொரு தலையாக வெளியே வந்தது. அம்மா தலைகளை எண்ணினா. திரும்பத் திரும்ப எண்ணினா.

கடைசிக் கூரை வெட்டுப்படவில்லை. அப்பா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, வேலிக் கதியால்களைப் பிடித்துப் பிடித்து அந்த வீட்டுக்குப் போனதைப் பள்ளிக்கூட விறாந்தையில் நின்று பார்த்தேன். பரணில் ராசாத்தி மட்டும் இருந்தாள். பிள்ளையை மேலே ஏற்றிவிட்டு, பார்வதியக்கா மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருக்கிறா.

இரண்டு நாள் கழித்து, தண்ணீர் வற்றிய பிறகுதான் அவவைக் கண்டெடுத்தார்கள். செல்லத்துரை அண்ணை அன்றைக்குத்தான் வவுனியாவிலிருந்து திரும்பி வந்தார். மகனுக்குக் காய்ச்சல் மாறியிருந்தது.

4

விசாரணைக்கு ஒரு துரை வந்தார். தமிழர்தான், ஆனால் எங்களோடு இங்கிலீசில் பேசினார். பக்கத்தில் இருந்த கிளாக்கர் அதைத் தமிழில் சொன்னார். பள்ளிக்கூட மேசைக்கு முன்னால் அப்பா நின்றார். நாங்கள் எல்லோரும் பின்னால் நிலத்தில் இருந்தோம்.

துரை கடதாசியின் பிரதியை வாசித்தார். கிளாக்கர், "நாளை முற்பகல் வான்கதவுகள் திறக்கப்படும்" என்றார்.

முற்பகல். "போர்நூன்" என்றால் மத்தியானத்துக்கு முன் என்று அந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். கழுத்துக்கூட அசையவில்லை.

"கடதாசியை வாசித்தது யார்?"

"நான்தான் ஐயா."

"உமக்கு இங்கிலீசு தெரியுமா?"

"அரைகுறை. பிழையா விளங்கியிட்டன்."

அம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்தா. நகம் பதிந்தது. நான் எழும்பவில்லை. எழும்பி, "நான்தான் வாசிச்சனான்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த நிமிடம் போய்விட்டது. தலைவரின் கவனயீனம் என்று துரை எழுதிக்கொண்டார். இந்தக் கடதாசியை ஏன் தமிழில் அனுப்பவில்லை என்று அவரும் கேட்கவில்லை, எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது.

சங்கத் தலைமை போனது. அதைவிட ஊர் வைத்த பெயர் பெரிது. நாலுமணியார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரே. "நாலுமணியார் வீட்டை ஆடு விக்க இருக்காம்." "நாலுமணியாற்றை பெட்டை பள்ளிக்கூடம் போறாளாம்." பரண் கட்டுவித்து முழுக் குடியேற்றத்தையும் காப்பாற்றியவர் என்று ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை.

இங்கிலீசுப் படிப்பை விடப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"படி. அரைகுறையா நிப்பாட்டாதை" என்றார். அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அது பாசமா, தண்டனையா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

5

படித்தேன். தாதியாக இந்த ஊருக்கு வந்தேன். வந்த புதிதில் அடுத்த வீட்டுப் பெண் "தேநீருக்கு வா" என்று கூப்பிட, வீட்டில் சோறு சாப்பிட்டுவிட்டுப் போய், அவள் மேசை நிறைய இராச்சாப்பாடு வைத்திருந்ததைக் கண்டு திகைத்து நின்றிருக்கிறேன். இப்போது மகள் என் உச்சரிப்பைத் திருத்துகிறாள். கடைக்காரர் முன்னால் என் வாயிலிருந்து சொல்லைப் பறித்து, தான் சொல்லி முடிக்கிறாள். நான் அவளோடு தமிழில் பேசினால் இங்கிலீசில் பதில் வரும். எழுத்து ஒன்றும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கப் பார்த்தேன். "இது எனக்கு எங்கே உதவும்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதில் இல்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு நல்ல பெயர். டாக்டர் எழுதியதை இரண்டு தரம் வாசித்து, மூன்றாம் தரம் அவரிடமே போய்க் கேட்பேன். மற்றத் தாதிமாருக்கு எரிச்சல். தலைமைத் தாதி மேற்றன் மட்டும் என்னைக் காட்டி, "இவளைப் பார்த்துப் பழகுங்கள்" என்பா.

அப்பா போன வருடம் வயலில் விழுந்து இறந்தார். தந்தி வந்தது, போக முடியவில்லை. லீவுக்கு விண்ணப்பம், அதற்கு ஒரு படிவம், படிவத்துக்கு இறப்புச் சான்றிதழ், சான்றிதழுக்கு மொழிபெயர்ப்பு. எல்லாம் சரியானபோது முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது.

பிறகு அம்மா எழுதிய கடிதத்தில் ஒரு வரி இருந்தது. அப்பாவின் காணிப் பெர்மிட் பற்றிக் கந்தோரிலிருந்து கடதாசி வந்ததாம், இப்போது சிங்களத்தில். வாசிப்பிக்க ஆள் தேடிக் கடைத்தெருவுக்குப் போனாவாம். அங்கே ஒரு சின்னப் பெடியன், வெள்ளம் வந்தபோது பிறந்தேயிராத பெடியன், "ஆர், நாலுமணியார் பெண்சாதியோ?" என்று கேட்டானாம். அவன் பகிடிக்குக் கேட்கவில்லை, அதுதான் எங்கள் பெயர் என்று நினைத்துக் கேட்டிருக்கிறான்.

அந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, செல்லத்துரை அண்ணைக்கு எழுதினேன். கடதாசியை வாசித்தது நான். பார்வதியக்கா வேலியடியில் கேட்டபோது வடிவாக வாசித்தேன் என்று சொன்னதும் நான். அப்பா எனக்காகப் பொய் சொன்னார். இதை ஊரறிய, பத்திரிகையில் எழுதப் போகிறேன். அதற்கு முன் நீங்கள் அறிய வேண்டும்.

6

ஆறு கிழமை கழித்துப் பதில் வந்தது. செல்லத்துரை அண்ணைக்கு எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல ராசாத்தி எழுதியிருந்தாள். இப்போது அவளுக்கு இருபது வயது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தங்கச்சி கமலம், உன்ரை கடிதம் கிடைச்சுது. நீ எழுதினது எனக்குப் புதினமில்லை. விசாரணை முடிஞ்ச அண்டைக்கே உன்ரை கொப்பர் என்னட்டை வந்தவர். என்ரை பிள்ளைதான் வாசிச்சது, அவள் பொம்பிளைப் பிள்ளை, ஊருக்குத் தெரிஞ்சால் வாழ விடாது, என்னை அடியெண்டு சொன்னவர். நான் அடிச்சனான். விழுந்தவர், எழும்பி நிண்டவர், திரும்பவும் அடிச்சனான். அதுக்குப் பிறகு அவரோடை கதைக்கேல்லை. ஆனால் ஒருதருக்கும் சொல்லேல்லை.

"எனக்கு உன்னிலை கோவமில்லை. நீ சின்னப் பிள்ளை. அந்தாள் தண்ணியைப் பாத்தே குளத்தின்ரை மனம் சொல்லுற ஆள். அண்டைக்கு ஒரு நாள் கட்டிலை ஏறிப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். கடதாசியை நம்பி நிண்டவர். அதுதான் என்னாலை மன்னிக்க முடியேல்லை. செத்த வீட்டுக்கும் நான் போகேல்லை. எழுதினால் உனக்குப் பாரம் குறையுமெண்டால் எழுது. இஞ்சை ஒருதருக்கும் ஒண்டும் குறையாது."

அதற்குக் கீழே, கொஞ்சம் இடம் விட்டு, அதே கையெழுத்து.

"கமலமக்கா, இவ்வளவும் அப்பா சொன்னது. இனி நான் எழுதுறன், அவருக்குத் தெரியாது. என்னைப் பரணிலையிருந்து தூக்கினது உங்கடை அப்பா எண்டு எனக்குத் தெரியும். ரோட்டிலை கண்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு போவார், நானும் ஒண்டும் கதைக்கிறேல்லை. இப்ப அவரும் இல்லை. எங்கடை வீட்டிலை அம்மாவின்ரை படம் ஒண்டும் இல்லை. எனக்கு முகம் ஞாபகமில்லை. அப்பாட்டைக் கேட்டால் எழும்பிப் போயிடுவார். அண்டைக்குக் காலமை கடைசியா அம்மாவைக் கண்டு கதைச்ச ஆள் நீங்கள் எண்டு உங்கடை கடிதத்திலைதான் அறிஞ்சன். அவ என்ன சீலை உடுத்திருந்தவ? தலையை முடிஞ்சிருந்தவவோ, பின்னியிருந்தவவோ? என்னைத் தூக்கி வைச்சிருந்தவவோ? அதை மட்டும் எழுதுங்கோ. மற்றது ஒண்டும் வேண்டாம்."

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மின்சாரம் நின்றது. மகள் பள்ளிக்கூடத்தில், கணவர் வேலையில். குசினி மேசையில் ஒரு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு ராசாத்திக்குப் பதில் எழுத இருந்தேன். நீ அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றாய் என்று முதல் வரி எழுதினேன். அது சரி, அது எனக்குத் தெரியும்.

இரண்டாவது வரி வரவில்லை. பதினேழு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தக் காலையை நினைத்திருக்கிறேன். கடதாசியின் நாலு வரியும் அப்படியே கண்ணில் நிற்கின்றன. மை எந்த எழுத்தில் தடித்திருந்தது, ஈரத்தில் எந்த மூலை சுருண்டிருந்தது என்பது உட்பட. வேலியடியில் நின்ற அந்தப் பெண் என்ன நிறச் சீலை உடுத்திருந்தா என்று நான் பார்க்கவே இல்லை. நான் நாலு மணியைப் பற்றி யோசித்துக்கொண்டு நடந்தேன்.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. கடதாசியில் அந்த ஒரு வரிதான் இருந்தது.